பாலர் கையில் சுகாதாரப் படப் புத்தகம்

நாற்றங்காலில் நேர்ந்த பிழையை நடவு வயலில் திருத்துவது அரிது என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விதை தேர்தல், ஊறவைத்தல், நீர் கட்டுதல், நீர் வடித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் அதனதன் நாளில் செய்தால்தான் நாற்று வாளிப்பாக எழும். குழந்தை வளர்ப்பிலும் இதுவே விதி. பள்ளியில் சேர்க்கும் வயதிற்கு முற்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளே குழந்தையின் நாற்றங்கால் எனலாம். பேச்சும் பழக்கமும் உடற்கட்டும் அப்பருவத்தில்தான் வேர்பிடிக்கின்றன.

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. உடல் நலமே சுவர். கல்வி முதலிய பிறவெல்லாம் அதன்மேல் எழுதும் சித்திரம். சித்திரத்தைக் கொண்டே அச்சுவரை உறுதிப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு. உடல் நலத்தைப் பற்றிய படப் புத்தகங்களைப் பெரியவர் ஒருவர் குழந்தைகளுடன் சேர்ந்திருந்து பார்ப்பதும், படிப்பதும், பேசுவதுமே அவ்வழி. இதற்கு ஆகும் செலவு சிறிது; பயன் பெரிது. ஆயினும் நம் ஊர்களில் பல இடங்களில் இது செவ்வையாக நடைபெறவில்லை. நடைபெறாமைக்கு நாமும் ஒரு காரணமாக இருந்தோம். அதனை முதலில் சொல்லிவிடுவதே முறை.

பீரோவில் இருந்த புத்தகங்கள்

நமது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடிக் கட்டடத்தின் பழுதுபார்ப்பு வேலையைப் பார்வையிட ஒரு நாள் சென்றிருந்தோம். குழந்தைகள் பாய்மீது அமர்ந்திருந்தனர். கை கழுவும் முறையை விளக்கும் வண்ணப் படம் ஒன்று சுவரில் ஆள் உயரத்திற்கும் மேலே ஒட்டப்பட்டிருந்தது. அதைக் குழந்தை பார்க்க வேண்டுமாயின் யாரேனும் தோளில் தூக்கிக் காட்ட வேண்டும். "படப் புத்தகங்கள் இல்லையா அம்மா?" என்று வினவினோம். பணியாளர் அம்மையார் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் பதினான்கு புத்தகங்கள், மடிப்பும் கலையாமல், அச்சு மணமும் மாறாமல் அடுக்கப்பட்டிருந்தன.

"இவற்றைக் குழந்தைகளிடம் தருவதில்லையா?" என்றோம்.

"இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, சார். குழந்தைகள் கையில் கொடுத்தால் கிழியும். கிழிந்தால் தணிக்கையில் கேட்பார்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டால் நான் எங்கே போவேன்?" என்றார் அவர்.

அவரைக் கடிந்துகொள்ள நா எழுந்தது. அதற்குள் மேசைமீது இருந்த பார்வைக் குறிப்பேட்டைப் புரட்டினோம். முந்திய ஆண்டின் பக்கத்தில், "புத்தகங்கள் நல்ல நிலையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன" என்று ஒரு வரி பாராட்டாக எழுதப்பட்டிருந்தது. அதன் கீழ் இருந்தது நமது கையொப்பம்.

அம்மையாரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் புதிதாக இருப்பதை நாம் பாராட்டியதால், அவர் அதைப் புதிதாகவே வைத்திருந்தார். அந்த ஓராண்டில் அம்மையத்திலிருந்து முதல் வகுப்பிற்குச் சென்ற குழந்தைகள் அந்தப் பதினான்கு புத்தகங்களுள் ஒன்றையேனும் தொட்டிருக்க மாட்டார்கள். இழந்த ஆண்டை அவர்களுக்கு மீட்டுத் தர நம்மால் ஆகாது. இனி வரும் குழந்தைகளுக்கேனும் இது நேரலாகாது என்ற எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

பசிக்கு உணவு வந்தது, அடுத்தது யாது?

ஊர்ப்புறத்துப் பாலர்களுக்காக நாட்டில் நடைபெற்ற முயற்சிகள் பல. சமூக வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 1980-இல் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982-இல் முதலமைச்சரின் சத்துணவுத் திட்டமும் வந்தன. ஊரார் இன்றும் "பால்வாடி" என்றே வழங்கும் அங்கன்வாடி மையங்கள் மாநிலத்தில் இன்று ஏறத்தாழ 54,000 உள்ளன.

பசித்த வயிற்றுக்கு உணவு கிடைத்ததால் குழந்தை மையத்திற்கு வந்தது. வந்த குழந்தை நாள்தோறும் சில மணி நேரம் அங்கே இருக்கிறது. உண்ட உணவு உடலில் ஒட்ட வேண்டுமாயின் வயிற்றில் புழு இருத்தலாகாது. வயிற்றுப்போக்கு அடிக்கடி வரலாகாது. இவை இரண்டும் பெரும்பாலும் கையின் வழியாகவும் நீரின் வழியாகவும் வருபவை. ஆகவே சோற்றுத் தட்டுக்கு முன் கை கழுவும் பழக்கம் வந்தாக வேண்டும். பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், கை கழுவும் பழக்கத்தைப் பரப்புவதால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது என்று கண்டுள்ளனர். அப்பழக்கத்தை மூன்று வயதுக் குழந்தைக்குச் சொற்பொழிவால் ஊட்ட இயலாது. கதையாலும் படத்தாலும் விளையாட்டாலும் ஊட்ட இயலும்.

படப் புத்தகம் என்பது யாது?

குழந்தைக்கான படப் புத்தகத்தில் படமே முதன்மை. எழுத்து அதற்குத் துணை. பக்கத்திற்கு ஒரு பெரிய படமும், அதன் கீழ் ஒன்றிரண்டு வரிகளும் இருந்தால் போதும். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் உண்டு. இம்முறை புதிதன்று. இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியைச் சேர்ந்த கொமீனியஸ் என்னும் கல்வியறிஞர், உலகப் பொருள்களைப் படங்களால் விளக்கும் பாடநூல் ஒன்றைக் குழந்தைகளுக்கென 1658-இல் வெளியிட்டார். கண்ணால் கண்ட பின்னரே சொல் மனத்தில் நிலைக்கும் என்பது அவர் கொள்கை.

நம் நாட்டில் நேஷனல் புக் டிரஸ்ட் 1957-இல் நிறுவப்பெற்றது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனம் குறைந்த விலையில் நூல்களைத் தருவதோடு, 2015-இல் ஸ்டோரிவீவர் என்னும் இணைய நூலகத்தையும் அமைத்தது. அதிலுள்ள தமிழ்ப் படக் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அச்சிட்டும் கொள்ளலாம். புத்தகம் கிடைக்கவில்லை என்று கூறும் நிலை இன்று இல்லை.

சேர்ந்து படித்தல் ஏன் வேண்டும்?

புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நாம் விலகிவிட்டால் பயன் குறைவு. நாம் மட்டும் படிக்க, குழந்தை வாய்மூடிக் கேட்பதும் அரைப் பயனே. அமெரிக்க உளவியல் அறிஞர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினரும் குழந்தைகளுக்குப் புத்தகம் படித்தனர். ஒரு பிரிவினர் மட்டும் கேள்வி கேட்டும், குழந்தையைப் பேசவிட்டும், அது சொன்னதை விரித்துச் சொல்லியும் படிக்கப் பயிற்சி பெற்றனர். ஒரே மாதத்தில் அப்பிரிவுக் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடச் சில மாத வளர்ச்சி முந்தியிருந்தனர். புத்தகம் இரு பிரிவினருக்கும் இருந்தது; உரையாடல் ஒரு பிரிவினருக்கே கூடுதலாகக் கிடைத்தது. பின்னர் மெக்சிகோ நாட்டில் வறிய குடும்பத்துக் குழந்தைகளின் காப்பகத்திலும் இம்முறை நற்பயன் தந்தது.

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 1989-ஆம் ஆண்டு முதல், குழந்தை மருத்துவர்களே பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் கொடுத்து, தாய்மார்களைச் சேர்ந்து படிக்கச் சொல்லும் ஏற்பாடு தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கருதத்தக்கது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் திரையின்முன் அமர்ந்திருத்தல் ஆகாது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு கதை கேட்பதும் படிப்பதும் நன்று என்று அது கூறுகிறது. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுக் களைபறிக்கச் செல்லும் இந்நாளில் இது நம் ஊர்களுக்கும் பொருந்தும். கைப்பேசிப் படம் குழந்தையின் மறுமொழிக்குக் காத்திருப்பதில்லை. பாட்டி காத்திருப்பார்.

படிக்கும் முறை

ஆறேழு குழந்தைகளை அரைவட்டமாக அமர்த்துக. படிப்பவர் நாற்காலியில் அமராது, குழந்தைகளோடு பாயில் அமர்தல் வேண்டும். படம் குழந்தைகளின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் போதுமானது. ஒரே புத்தகத்தை ஒரு வாரம் நாள்தோறும் படிக்கலாம். பெரியவர்க்குச் சலிப்புத் தட்டினும் குழந்தைகளுக்குத் தட்டாது. இரண்டாம் நாள் கதையைக் குழந்தைகளே முந்திக்கொண்டு சொல்வர். அப்போது நாம் வழிவிட வேண்டும்.

முறை மூன்று சொற்களில் அடங்கும்: கேட்டல், காத்தல், கூட்டிச் சொல்லல். வயலிலிருந்து ஓடி வந்த சிறுவன் இட்டிலித் தட்டை நோக்கிக் கை நீட்டும் படம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பணியாளர் இவ்வாறு பேசலாம்.

"இந்தத் தம்பி என்ன செய்யறான்?"

உடனே விடை வராது. மனத்திற்குள் ஐந்து எண்ணும் வரை பேசாதிருத்தல் வேண்டும். இதுவே பலருக்கும் கடினமான பகுதி.

"இட்லி."

"ஆமா கண்ணு, இட்லி எடுக்கப் போறான். அவன் கை எப்படி இருக்கு?"

"சேறு."

"சேத்துக் கையோட இட்லி எடுக்கப் போறான். நீயா இருந்தா என்ன செய்வே?"

குழந்தை ஒரு சொல் சொல்லிற்று. பெரியவர் அதை முழுச் சொற்றொடராக்கித் திருப்பித் தந்தார். பின்னர்க் கதையைக் குழந்தையின் வாழ்க்கையோடு பிணைத்தார். விடை தவறாயின் "இல்லை" என்று அடக்கிவிடலாகாது. "அப்படியா? இன்னொரு தரம் பார்ப்போமா?" என்று படத்தைச் சுட்டினால் போதும். "கை கழுவுவான்" என்று ஒரு குழந்தை சொன்னதும் புத்தகத்தை மூடிவைத்து, எல்லோரும் எழுந்து சென்று கை கழுவிவிட்டு வருதல் சாலச் சிறந்தது. சோப்பு நுரையுடன் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் ஆகியவற்றைத் தேய்க்க ஏறக்குறைய 20 விநாடி ஆகும். ஒன்று முதல் இருபது வரை மெதுவாக எண்ணச் செய்தால் எண்ணும் பழகும், கையும் தூயதாகும்.

எவ்வெப் பொருள் பற்றிய புத்தகம் வேண்டும்?

படித்த பொருள் அதே வாரத்தில் ஊரில் நிகழ்ந்தால் அது மனத்தில் பதியும். ஆதலின் காலத்தோடு பொருந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று.

குடற்புழு நீக்கும் நாள் 2015 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி, அல்பெண்டசோல் மாத்திரை இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முழுதாகவும், ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதியாகவும் தரப்படுகிறது. அதற்கு முந்திய வாரத்தில் நகம் வெட்டுவது, செருப்பு அணிவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது பற்றிய கதையைப் படித்தால், மாத்திரை நாளன்று குழந்தை மிரளாது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது என்பதைச் செருப்பின்றி வரப்பில் நடக்கும் தந்தைக்கும் அப்படம் நினைவூட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் கொசுவைப் பற்றிய புத்தகம் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கவிழ்த்தால் அச்சுற்று அறுபடும். கொட்டாங்குச்சி, பழைய டயர், பயனின்றிக் கிடக்கும் ஆட்டுக்கல், பூந்தொட்டியின் தட்டு இவற்றைப் படத்தில் கண்ட குழந்தை, வீட்டுக்குச் சென்று கொல்லைப்புறத்தில் அவற்றைத் தேடும். பெரியவர் கண்ணில் படாத ஆட்டுக்கல் குழியும் அதன் கண்ணில் படும்.

கோடையில் வயிற்றுப்போக்கைப் பற்றிய கதை வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்குவது குழந்தையின் வேலையன்று. உடனிருந்து கேட்கும் தாய்க்கே அப்பக்கம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன்மேல் குறித்த அளவு நீரில், பொதுவாக 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை 14 நாள் தரப்படுகிறது. போக்கு நின்றதும் இடையில் நிறுத்தலாகாது. தாய்ப்பாலும் உணவும் நிறுத்தலாகாது. கண் குழிவிழுந்து, குழந்தை சோர்ந்து, நீர் அருந்த மறுத்தால் கதைக்கும் கரைசலுக்கும் காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரை அந்நாளில் அழைத்து, அவரையே அப்பக்கத்தைப் படிக்கச் செய்வது நலம்.

தடுப்பூசி, முருங்கைக்கீரையும் பப்பாளியும், பல் துலக்குதல், போதிய உறக்கம் ஆகியவை எக்காலத்திற்கும் பொருந்தும். ஊசி போடும் கதையில் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லும் புத்தகத்தை விலக்குக. சிறிது வலிக்கும், உடனே சரியாகும், அம்மா மடியில் வைத்திருப்பாள் என்று உண்மையைச் சொல்லும் புத்தகத்தையே குழந்தை அடுத்த முறையும் நம்பும்.

விலக்க வேண்டியவை

சில புத்தகங்களில் ஈயும் கொசுவும் பக்கம் நிறையப் பெரிதாக வரையப்பட்டிருக்கும். அவ்வாறான படத்தைக் கண்ட குழந்தை, "இவ்வளவு பெரிய ஈ எங்கள் வீட்டில் இல்லை" என்று எண்ணிவிடுவது இயல்பே. உண்மை அளவில் ஒரு படமும், அருகே பெரிதாக்கிய படமும் இருத்தல் வேண்டும். அன்றேல் உண்மையான ஈ சோற்றுத் தட்டில் அமர்வதைக் காட்டி விளக்குதல் வேண்டும். கிருமிக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வரைந்து அச்சுறுத்தும் படம் குழந்தையை இரவில் விழிக்கச் செய்யுமேயன்றிக் கை கழுவச் செய்யாது.

கறுத்த குழந்தை அழுக்கானது என்றும், மெலிந்த குழந்தை சோம்பேறி என்றும் காட்டும் படங்களை ஒருபோதும் வாங்கலாகாது. வீட்டில் கழிப்பறை இல்லாத குழந்தையை எல்லோர் முன்னிலும் "உங்கள் வீட்டில் எங்கே போகிறாய்?" என்று கேட்பதும் தவறு. நாணமுற்ற குழந்தை மறுநாள் மையத்திற்கு வராது. மேலைநாட்டுக் குளியல் தொட்டியும் பனிக்காலக் கையுறையும் நிறைந்த புத்தகத்தைவிடக் குடமும் சொம்பும் வேப்பமரமும் உள்ள புத்தகம் நம் குழந்தைக்கு எளிதில் விளங்கும்.

வீட்டில் படித்தல்

"எங்களுக்கு எழுத்துத் தெரியாதே, நாங்கள் எப்படிப் படித்துக் காட்டுவது?" என்று பாட்டிமார் கேட்பதுண்டு. படப் புத்தகத்திற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. பேரனை மடியில் வைத்து, "இது யாரு? என்ன செய்யுது?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். மையத்தில் கதையைக் கேட்ட குழந்தையே பாட்டிக்கு அதைச் சொல்லும். அப்போது பாட்டி மாணவி, பேரன் ஆசிரியர். கதை சொல்வதில் நம் பாட்டிமார்க்கு ஈடானவர் எவர்?

சனிக்கிழமைதோறும் ஒரு புத்தகத்தைத் துணிப்பையில் இட்டு, ஒரு குழந்தையின் வீட்டுக்கு அனுப்பலாம். திங்களன்று அது திரும்பும். தந்தையரும் இதில் பங்கு கொள்ளுதல் வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் இட்டு, கைகால் கழுவித் திண்ணையில் அமரும் மாலையில் பத்து நிமிடம் ஒதுக்குவது எந்த உழவருக்கும் இயலும். தந்தை கை கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தொடுவதைக் காணும் குழந்தை, எந்தப் புத்தகமும் சொல்லாததைக் கற்றுக்கொள்ளும்.

குழந்தை கேட்ட கேள்வி

முன்னர்க் கூறிய மையத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரோடு கலந்து பேசி, பயன்பாட்டால் கிழிந்த புத்தகத்திற்குப் பணியாளர் பொறுப்பல்லர் என்பதை எழுத்தில் கொடுத்தோம். புத்தகங்கள் பீரோவிலிருந்து இறங்கின. சுவரோடு ஒரு கயிறு கட்டி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அவற்றைத் தொங்கவிட்டார் அம்மையார்.

சில வாரம் கழித்து, ஊராட்சித் தலைவருடன் அங்குச் சென்றோம். கை கழுவும் கதை நடந்துகொண்டிருந்தது. படத்தில் ஒரு சிறுமி குழாயடியில் நின்று, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த நான்கு வயதுக் குழந்தை அப்படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ம குழாய் எங்கே?" என்றது.

அம்மையார் விடை கூறவில்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. உதவியாளர் தெருக்குழாயில் பிடித்துச் சுமந்து வந்த நீர் அது. எல்லோருக்கும் ஒரே குவளை. சோப்பு, அம்மையார் தம் கைக்காசில் வாங்கி வைத்தது, தீர்ந்து நாளாயிற்று. அதற்கு முந்திய கோடையில்தான் அம்மையத்துக் குழந்தைகள் இருவர் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பிழைத்து வந்திருந்தனர். தலைவரும் நாமும் ஒருவரையொருவர் நோக்கினோம். கூரைக்கும் சுவருக்கும் மதிப்பீடு தயாரித்த நாம், குழாய்க்குத் தயாரிக்கவில்லை.

தெருவில் சென்ற குடிநீர்க் குழாயிலிருந்து கிளை ஒன்று இழுத்து, இரண்டு அடி உயரத்தில் மூன்று குழாய்கள் வைக்கப்பட்டன. வேலை பெரிதன்று, இத்தனை நாள் எவரும் கேட்கவில்லை, அவ்வளவே. புத்தகத்தில் உள்ளது தன் ஊரில் இல்லையென்று பலமுறை கண்ட குழந்தை, புத்தகம் வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்று முடிவு செய்துவிடும். அவ்வாறு முடிவு செய்யவிடாமல் காப்பது ஊராட்சியின் கடமை.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, தத்தம் வார்டிலுள்ள மையத்தில் குழந்தைக்கு எட்டும் குழாயும், சோப்பும், நீருடன் கூடிய கழிப்பறையும் உள்ளனவா என்று நேரில் காண்க. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளாதலின், மையத்துக் குழாயைப் பற்றிய தீர்மானத்திற்கு அந்நாள் மிகவும் பொருந்தும்.

இரண்டாவது, பக்கத்து ஊர்களோடு புத்தகங்களை மாற்றிக்கொள்க. மையத்திற்குப் பத்துப் புத்தகம் வீதம் நான்கு மையங்கள் சேர்ந்தால், மாதம் ஒருமுறை மாற்றி நாற்பது புத்தகங்களை ஒவ்வொரு குழந்தையும் காணலாம். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006-ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் கட்டப்பட்ட நூலகக் கட்டடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, பாய் விரித்து, ஒரு மூலையைப் பாலர்க்கு ஒதுக்கலாம்.

மூன்றாவது, ஊரிலேயே புத்தகம் செய்க. தடித்த அட்டையும் கெட்டி நூலும் போதும். படம் வரையத் தெரிந்த இளைஞர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். மகளிர் சுய உதவிக் குழுவினர் தைத்துக் கொடுப்பர். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி, நம் ஊர்க் குளம், நம் தெருக் குழாயடி, நம் செவிலியர் வரும் பாதை ஆகியவற்றை எட்டுப் பக்கத்தில் வரைந்து, பக்கத்திற்கு ஒரு வரி எழுதினால், எந்த அச்சகமும் தர இயலாத சுகாதாரப் புத்தகம் கிடைக்கும். எழுதிய மருத்துவச் செய்திகளைச் செவிலியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்தல் அவசியம்.

நான்காவது, கிழிந்த புத்தகத்திற்காகப் பணியாளரைக் குறை கூறாதீர். கிழிந்த பக்கத்தைக் குழந்தைகள் முன்னிலையிலேயே ஒட்டுவதும் ஒரு நற்பழக்கமாகும். ஒட்ட முடியாதவற்றை ஆண்டுக்கு ஒருமுறை முறைப்படி கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் புதியன கேட்டுப் பெறுக.

முடிவுரை

இம்மாதம் தங்கள் ஊர் மையத்திற்கு ஒருமுறை செல்லுமாறு ஊராட்சி உறுப்பினர்களையும் உழவர் பெருமக்களையும் வேண்டிக்கொள்கிறோம். சென்றதும் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரம் மடிந்து, அட்டை கசங்கி, இட்டிலிப் பக்கத்தில் சிறு விரல்களின் தடம் படிந்திருந்தால், அம்மையாரைப் பாராட்டிவிட்டு வாருங்கள். புத்தம் புதிதாக இருந்தால், பாயில் அமர்ந்து நீங்களே ஒன்றைப் பிரித்துப் படிக்கத் தொடங்குங்கள். குழந்தைகள் தாமே வந்து சூழ்ந்துகொள்வர்.

நாமும் இப்போது பார்வைக் குறிப்பேட்டில் வேறுவிதமாகவே எழுதி வருகிறோம். சென்ற முறை அம்மையத்தில் நாம் எழுதிய வரி இது: "பதினான்கு புத்தகங்களுள் ஐந்து கிழிந்துள்ளன. குழாயடியில் சோப்பு உள்ளது. மகிழ்ச்சி."